நின்று தொட்ட உயரம்

எந்தச் சன்ஷேடின் அடியிலும் சுஜா சும்மா நடந்துபோனதில்லை. இரண்டடி ஓட்டம், ஓர் எம்பு, விரல் நுனியால் ஒரு தட்டு. திருவொற்றியூரில் எங்கள் தெருச் சன்ஷேடுகளின் விளிம்பில் எப்போதும் கரித்தூள் படிந்திருக்கும். பள்ளிக்கூட நாளிலிருந்தே அதில் அவள் விரல் தடங்களைப் பார்த்துவருகிறேன். டெய்லர் கடையில் தொடங்கி, சர்ச் காம்பவுண்டு வளைவு வரைக்கும் அவை ஏறின. "தவளை போவுது பாரு" என்று குழாயடியில் யாராவது சொன்னால், கறுத்த விரல்களை நீட்டி, "கன்னத்துல வெச்சு உடவாக்கா, திஷ்டிப் பொட்டு?" என்பாள்.

அவளுடைய அப்பா சுடலைராஜ், உடன்குடியிலிருந்து வந்து மளிகைக் கடை வைத்தவர். கடையில் ஏணி கிடையாது. மேல்தட்டுச் சோப்புப் பெட்டிக்கு மகளைத்தான் கூப்பிடுவார். "ஒரு ஏணி வாங்கக் கூடாதா அண்ணாச்சி?" என்றால், "பெறகு இவளுக்கு எதுக்குவே சோறு போடுதேன்?" என்பார். நாங்கள் சிரிப்போம். சுஜா சிரித்துப் பார்த்ததில்லை.

வாலிபாலில் அவள் ஸ்பைக்கர், வலைக்கு மேலே எம்பிப் பந்தை அடித்து இறக்குபவள். ஆள் குள்ளம். உயரம் தராததைக் கால்கள் தந்தன. விடியலில், கடலோரக் கற்குவியல்களுக்கு அருகே, ஈர மணலில் அரிசிச் சிப்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவாள். இறக்கிவைத்த கணமே எகிறுவாள். "மூட்டைய எறக்குனதும் ஒடம்பு பஞ்சு மாரி ஆயிடும். அந்த நேரத்துல தரைய ஒதைக்கணும். குதிக்கிறதுன்னா வேற இன்னா, ஒதைக்கிறதுதான்." ஆட்டத்தில் மற்றவர்கள் ஏறி இறங்கிய பிறகும் அவள் மேலேயே தங்கியிருப்பதுபோலத் தோன்றும்.

அந்தக் கால்களுக்கு ஒரு வேலை கிடைக்க வேண்டியிருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அலுவலகத்தில் ஒரே ஓர் இடம் வந்தது. வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. தவறினால், ஊரில் மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள்.

தேர்வுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். முதலில் சுவரோரம் நின்றபடியே கையை உயர்த்தி ஒரு கோடு போட வேண்டும். பிறகு குதித்து, மேலே இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் மதிப்பெண். சுஜா பாதங்களை ஊன்றி, தோள் காதை உரச, நகக்கண் வரை உடம்பை இழுத்து முதல் கோட்டைப் போட்டாள். சுவரில் கை வைத்தால் அவளுக்கு அப்படித்தான் வரும். குதித்தபோது, அன்று வந்திருந்தவர்களிலேயே மேலே இருந்தது அவள் கோடுதான்.

இடம் ஃபராவுக்குப் போனது. ஃபரா அதே குழுவில் சுஜாவுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். முதல் கோட்டுக்கு அவள் தோளைத் தொங்கவிட்டு, முழங்கையை லேசாக மடக்கி, கை வலிப்பவள்போல நின்றாள். அந்தக் கோடு தாழ்ந்ததில் தூரம் கூடிவிட்டது.

வெளியே வந்ததும் ஃபரா சொன்னாள்: "எல்லாரும் அப்டித்தான்டி நிப்பாங்கோ. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும்."

திரும்பும்போது பஸ்ஸில் ஆளுக்கொரு சன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்கள்.

என் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். எட்டிப் பிடி, இன்னும் எட்டிப் பிடி என்று சொல்லித்தான் என்னையும் வளர்த்தார்கள். நான் போன நேர்காணல்களில் எங்கெல்லாம் முழுக்கையையும் நீட்டி முதல் கோட்டைப் போட்டேனோ, தெரியவில்லை. தாழ்ந்து நிற்பதற்கும் பழக்கம் வேண்டுமா?

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலை கிடைத்தவள் வலைக்கு அந்தப் பக்கம் குதிப்பாள். குழுவில் ஒவ்வொருத்தியும் இந்தப் பக்கமிருந்து குதித்து, வலைக்கு மேலே அவள் உள்ளங்கையில் ஓர் அறை கொடுக்க வேண்டும். யாரும் அதைப் பாக்கி வைத்ததில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஃபரா புது ஜெர்சியில் வந்தாள். குழுவிலிருந்து முதலில் மகிமா அறைந்தாள். மற்றவர்களும் வரிசையாகக் கூச்சலுடன் அறைந்தார்கள். கடைசியில் சுஜா நின்றாள்.

"வாடி, உன்னுதுதான் பாக்கி கீது" என்று கத்திக்கொண்டே ஃபரா எம்பினாள். வலைக்கு மேலே அவள் கை விரிந்தது.

சுஜா குதிக்கவில்லை. குதிகால்களை மண்ணில் ஊன்றி, தோளைத் தொங்கவிட்டு, முழங்கையை லேசாக மடக்கி, வலிப்பவள்போல ஒரு கையை மட்டும் உயர்த்தினாள்.