வண்டி மட்டம்

தொண்ணூறுகளின் கடைசியில், நெய்வேலி குவார்ட்டர்ஸ் பகுதிகளில் பல் வைத்தியம் பார்க்கும் வேனை ஓட்டினேன். கான்ட்ராக்ட் வேலை. நிறுத்துகிற இடத்தில் வேன் சமமாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் கீழ் பலகை கொடுக்க வேண்டும்.

அன்று கண்ணாலேயே பார்த்து நிறுத்திவிட்டேன். வரிசையில் நின்ற சித்தாள் பெண் ஒருத்தி, "வண்டி மட்டம் சரியில்லீங்க" என்றாள். மட்டமான வண்டி, சரியில்லை என்கிறாள் என்றுதான் எனக்குக் கேட்டது. "அப்படின்னா எதுக்கு வந்து நிக்கிற?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் முறை வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, கருவிகள் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தோடு டிராலி டாக்டரம்மாவை நோக்கி உருண்டது. அவள் கையை நீட்டித் தடுத்தாள். வெந்நீர் முழங்கை வரை கொட்டியது.

"மட்டம் பார்த்துத்தானே நிறுத்துனீங்க?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் வேலை போய்விடும்.

"பார்த்தாருங்க. என் கால்தான் இடிச்சிடுச்சு" என்றாள் அவள்.

மருந்து போட்டுக்கொண்டு இறங்கியவளிடம், நான் தப்பாகப் புரிந்துகொண்டதைச் சொன்னேன். "கட்டட வேலைங்க. மட்டம்னா எங்களுக்கு அது ஒண்ணுதாங்க" என்றாள்.

அதன்பின் ரசமட்டம் வைக்காமல் நான் வேனை நிறுத்தியதில்லை. அந்த டாக்டரம்மாவோடு மேலும் நாலு வருடம் வேலை பார்த்தேன். அந்தப் பெண்ணின் கால் இடிக்கவில்லை என்பதை மட்டும் அவரிடம் சொல்லவே இல்லை.