நாய் அட்டையில் விட்ட ரத்தம்

கால்நடை மருத்துவமனையில் ஆய்வக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நாய்களைக் குளிப்பாட்டும் அறையிலிருந்து ஓர் ஈரத்துண்டு பறந்து வந்து என் இஸ்திரி போட்ட சட்டையில் விழுந்தது. பின்னாலேயே குரலும் வந்தது. "ஓரமா நில்லுப்பா பட்டதாரி. நாய் உதறப்போகுது!"

துண்டை எறிந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் அவரை 'மேஜர்' என்றார்கள். அவர் ஓர் அதட்டுப் போட்டால் கடிக்கிற நாயும் உட்கார்ந்துவிடும், சில மருத்துவர்களும்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்தப் பெருமையை அவர் அன்றே மோப்பம் பிடித்துவிட்டார். அதன்பின் நான் அவருக்குத் 'துரை'. அவரை எனக்குப் பிடிக்காது. அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத முடியாது.

ஆனால் வேலை தெரிந்தவர். மருத்துவமனைக்குப் பின்னால் புல்லும் புதரும். அங்கே நடைபோய் வரும் நாய்களின் காதிலும் கழுத்திலும் உண்ணி ஒட்டியிருக்கும். மேஜர் அதன்மேல் நெருப்பு வைக்க மாட்டார், எண்ணெய் ஊற்ற மாட்டார். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுப்பார். ஒரு நாய் திங்கட்கிழமை முன்காலில் நொண்டி, புதன்கிழமை பின்காலில் நொண்டி, சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காமல் கிடந்தால் மருத்துவர் வருவதற்குள் சொல்லிவிடுவார்: "உண்ணி கடிச்சு வர்ற லைம் நோய் மாதிரி இருக்கு. ரத்தம் எடு துரை." சோதனை அட்டையில் ஒரு சொட்டு விட்டு எட்டு நிமிடம் காத்திருந்தால், நோய் இருந்தால் நீலப்புள்ளி எழும். சிறுநீரகத்துக்குச் சேதம் உண்டா என்று சிறுநீரையும் பார்ப்போம். பிறகு நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை. பெரும்பாலும் அவர் சொன்னதே சரியாக இருக்கும். எனக்கு அதுதான் எரிச்சல்.

ஒருநாள் அவர் சட்டைக்கையைச் சுருட்டியபோது மேல்கையின் உட்பக்கம் ஒரு சிவப்பு வளையம் தெரிந்தது.

"என்னக்கா அது?"

"படர்தாமரை. இங்க யாருக்குத்தான் வரல?"

குளிப்பாட்டும் அறையில் வட்டமாக எது சிவந்தாலும் படர்தாமரைதான். நாய்களிடமிருந்து அடிக்கடி ஒட்டிக்கொள்ளும். அலமாரியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு களிம்பு இருக்கும். மேஜர் பத்து நாளாக அதைத்தான் பூசியிருந்தார்.

"அரிக்குதா?"

"இல்ல."

"பெருசாகிட்டே போகுதா?"

"காசு அளவு இருந்துச்சு. இப்ப உள்ளங்கை அளவு. அதுக்கென்ன?"

"அரிப்பில்ல, செதிலில்ல. உண்ணி கடிச்சது மாதிரி இருக்குக்கா. டாக்டர்கிட்டக் காட்டுங்க."

"நாய்க்கு வைத்தியம் பாக்கவே இன்னும் படிக்கணும் நீ. அதுக்குள்ள மனுசனுக்குப் பாக்கக் கெளம்பிட்டியா?"

அறையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. நிரூபித்துக் காட்டுகிறேன் என்று அவர் விரலைக் குத்தி, நாய்க்குரிய அட்டையில் ரத்தம் விட்டேன். எட்டு நிமிடம் ஆயிற்று. புள்ளி எழவில்லை.

மேஜர் அந்த அட்டையைக் கதவில் ஒட்டி, கீழே 'துரை படிச்ச படிப்பு' என்று எழுதிவைத்தார்.

அன்று மாலையே புத்தகத்தைப் புரட்டினேன். நாய் அட்டையின் முடிவு மனிதருக்குச் செல்லாது. மனிதருக்கான சோதனையே முதல் வாரங்களில் ஏமாற்றும். அப்படியொரு வளையம் இருந்தால் அதைப் பார்த்தே மருந்து தொடங்கலாம். எல்லாம் தெரிந்துவிட்டது. போய்ச் சொன்னால் அட்டையில் பார்த்ததே மடத்தனம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லவில்லை. பதினாறு நாள் அந்தக் கதவைக் கடந்து போய்வந்தேன்.

பதினேழாம் நாள் காலை, குடித்த தண்ணீர் அவருடைய இடது கடைவாயில் வழிந்தது. இடது கண் மூடவில்லை. பக்கவாதம் என்று பயந்து அவர் கணவர் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். செய்தி கேட்டு நானும் ஓடினேன்.

"நீதானடா அட்டையில பாத்து ஒண்ணுமில்லன்னு காட்டுனவன்?" கணவர் கையை ஓங்கினார். நான் விலகவில்லை. யாரோ அவரைப் பிடித்து இழுத்தார்கள்.

மருத்துவரிடம் உண்ணி, வளையம், நாள் கணக்கு எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நாய் ஆஸ்பத்திரியிலேர்ந்து எனக்குப் பாடம் எடுக்க வந்தீங்களா?" என்றார். ஆனாலும் மேஜரின் சட்டைக்கையை உயர்த்திப் பார்த்தார். பழைய வளையம் மங்கியிருந்தது. முதுகில் புதிதாக நான்கு. உடனே செவிலியரை அழைத்தார். அங்கே எடுத்த ரத்தத்தில் லைம் நோய் உறுதியாயிற்று. மூன்று வாரத்துக்கு அதே டாக்ஸிசைக்ளின்.

கோணிய வாயோடு மேஜர் கேட்டார்: "உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்குச் சாயங்காலமே."

"ஏன் சொல்லல?"

"நீங்க சிரிச்சீங்க."

"நான் சிரிச்சா என் மூஞ்சி கோணலாப் போகட்டும்னு விட்டுட்ட. வெளிய போ."

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மேஜர் அதே அறையில் நாய்களைக் குளிப்பாட்டுகிறார். முகம் சரியாகிவிட்டது, சிரித்தால் மட்டும் இடது பக்கம் சற்றுப் பிந்தும். அறையில் யாருக்கு வட்டமாகச் சிவந்தாலும், களிம்பைத் தொடவிடாமல் முதலில் மருத்துவரிடம் துரத்துகிறார். என்னோடு பேசுவதில்லை.