யார் சாயல்

ஐந்தாம் மாத ஸ்கேனில், என் குழந்தைக்கு மண்டை ஓடு உருவாகவில்லை என்று தெரிந்தது. பிறந்தாலும் பிழைக்காது என்றார் ஈப்போ மருத்துவமனை டாக்டர்.

பாகான் செராயிலிருந்து வந்த அண்ணி, என் கணவரின் அக்கா, "கிரகணத்தன்னிக்கு வெளிய போனியா?" என்று கேட்டார். போயிருந்தேன். என்னால்தான் என்று அழுதேன்.

அடுத்த முறை டாக்டரிடமே கேட்டேன்.

"அதனால இல்லம்மா. கர்ப்பம்னு உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னயே, முதல் மாசத்துல நடந்தது. பலருக்குக் காரணமே தெரியாது."

உடன் வந்திருந்த அண்ணியும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மகள் பிறந்து சிறிது நேரமே மூச்சு விட்டாள். நர்ஸ் அவள் தலையை மறைத்துத் தொப்பி அணிவித்து எடுத்துவந்தபோது, அண்ணிதான் முதலில் கை நீட்டினார்.

"மூக்கு அப்படியே உன்னுதுலா," என்று சொல்லி அழுதார்.

அதுவரை நாங்கள் அவளுடைய குறையை மட்டுமே பேசியிருந்தோம். அந்தச் சில நிமிடங்கள், எல்லாத் தாய்மாரையும்போல, நானும் என் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.