பக்கத்து இருக்கையிலிருந்து சொன்ன எண்கள்

காலை ஏழு மணி இருபது நிமிடம்; தூறல் நின்று பத்து நிமிடம் ஆகிறது; மலை உச்சியில் மூட்டம்; சாலையின் நடுப்பகுதி காய்ந்திருக்கிறது, ஓரங்கள் ஈரம். என்னுடைய கடைசி நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறது. கார் பந்தயத்தில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமர்ந்து வழி சொல்பவர்கள், பந்தய நாளில் மணியையும் வானத்தையும் குறிக்காமல் வேலையைத் தொடங்குவதில்லை.

இரண்டு ஆண்டுகள் கணியம்பாடியில் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். அதன் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள் தேவராஜ் என்பவரின் பக்கத்து இருக்கையில் இருந்தேன். அவர் ஆலங்காயத்துக்காரர்; லாரிப் பட்டறை வைத்திருந்தவரின் மகன். ஷோரூமில் எல்லோருக்கும் விற்கும் அதே காரை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, உள்ளே இரும்புக் கூண்டு பொருத்தி ஓட்டும் பந்தயத்தில் பத்தொன்பது வயதில் இறங்கினார். பத்து ஆண்டுகள் சென்னைப் பக்கத்து மைதானத்தில் வட்டமாகச் சுற்றினார். அங்கே தனியாக ஓட்டலாம். பிறகு மலைச்சாலைப் பந்தயங்களுக்கு வந்தபோது, பக்கத்தில் ஒருவர் தேவைப்பட்டார்.

வேறொருவர் வண்டியோட்ட, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்தியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நேர்முகத் தேர்வு

தேவராஜின் தங்கை என்னோடு பள்ளியில் வேலை பார்த்தாள். அவள் மூலம் வந்தவர், என் படிப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. காரில் உட்காரவைத்து, அன்றைய செய்தித்தாளைக் கையில் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டு அமிர்தி காட்டுப் பாதையில் ஓட்டினார். நான் தலைப்புச் செய்தியில் தொடங்கி, மனை விற்பனை விளம்பரம் வரை படித்தேன். நடுவில் ஒருமுறை, இப்போது படித்ததை நோட்டில் எழுதுங்கள் என்றார். வண்டி குலுங்கிக்கொண்டிருக்கும்போதே எழுதினேன்.

திரும்பி வந்து பள்ளி வாசலில் நிறுத்தினார். நோட்டை வாங்கி என் கையெழுத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: “வாந்தி எடுக்கல, கத்தல, எழுத்து கோணல. போதும் டீச்சர், திங்கக்கெழம வந்துடுங்க.”

ஒன்று முதல் ஆறு வரை

பந்தயத்துக்கு முன் அதே சாலையில் இரண்டு முறை மெதுவாகப் போய்வர அனுமதி உண்டு. ஒவ்வொரு வளைவையும் பார்த்து ஓட்டுநர் ஓர் எண் சொல்வார். ஆறு என்றால் பிரேக்கைத் தொட வேண்டியதில்லை. ஒன்று என்றால் ஏறக்குறைய நின்று திரும்ப வேண்டும். நாங்கள் அதை எழுதுவோம். பந்தயத்தன்று, வளைவு கண்ணில் படுவதற்கு முன்பே அதை உரக்கப் படிப்போம். எண் ஓட்டுநருடையது, கை மட்டுமே எங்களுடையது என்பது இந்தத் தொழிலின் முதல் விதி.

அப்படிப் படிக்கும்போது மரியாதைக்கு நேரம் கிடையாது. வெளியே அவரை நான் ‘நீங்க, வாங்க’ என்றுதான் பேசுவேன். காருக்குள் ‘பிடி, விடு, உள்ளே வெட்டாதே’. ஒருமுறை எங்கள் ஓட்டத்தின் வீடியோவை அவர் வீட்டில் போட்டுப் பார்த்தோம். அவருடைய மனைவி சாந்தி இறுதிவரை முகம் மாறாமல் பார்த்துவிட்டு, தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தபோது சொன்னாள்: “நான் ‘ஏங்க’ன்னு நாலு தடவ கூப்ட்டாலும் திரும்ப மாட்டாரு. நீ ‘பிடி’ன்னா பிடிக்கிறாரு. எனக்கும் ஒரு நோட்டு எழுதிக் குடு.”

இரண்டு ஸ்டேஜ் பாக்கி

பல கட்டங்களாக, எங்கள் பேச்சில் ஸ்டேஜ்களாக, நடக்கும் ஒரு பந்தயத்தின் நடுவே, வண்டியைச் சரிபார்க்க ஒதுக்கிய இருபது நிமிட இடைவேளையில், தேவராஜின் தந்தை இறந்துவிட்டதாக எங்கள் மெக்கானிக் அன்வர் பாய்க்குப் போன் வந்தது. பாய் அந்தப் போனை அணைத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சக்கரத்தின் போல்ட்டுகளை முடுக்கினார். முடித்த பிறகு என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். தேவராஜ் ஐந்தடி தூரத்தில் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

சொல்லிவிடலாம் என்றேன். செய்தி கேட்ட மனநிலையோடு அவரை மலை இறங்கச் சொல்கிறாயா என்று பாய் கேட்டார். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு காரில் ஏறினேன். அடுத்த நாற்பது நிமிடம், தந்தை இறந்தது தெரியாத ஒரு மகனுக்கு வளைவுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநரிடம் எதையாவது மறைத்தால்தான் அவரைப் பத்திரமாக வைத்திருக்க முடியும் என்று நான் கற்றுக்கொண்டது அன்றுதான், தவறான பாடம். பாய் அன்று சொன்னது இது: “அவுங்கப்பா எங்கியும் போவ மாட்டாரு டீச்சர். ரெண்டு ஸ்டேஜ் முடியட்டும், நானே சொல்றேன்.”

ஐந்தும் மூன்றும்

தேவராஜுக்கு நாற்பத்தெட்டு வயதானபோது எண்கள் தவறத் தொடங்கின. மெதுவாகப் போய்க்கொண்டிருந்த முன்னோட்டத்தில், ஒரு வளைவைப் பார்த்து “ரைட் அஞ்சு” என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அது மூன்று, ஐந்தில் போனால் கார் வெளி ஓரத்தில் பறக்கும், வேடிக்கை பார்ப்பவர்கள் நிற்பதும் அங்கேதான். ஐந்து என்றே எழுதினேன். அறைக்கு வந்து சரிபார்க்கும்போது அதை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினேன். மறுநாள் அதை மூன்று என்று படித்தேன். அவர் மூன்றாகவே திரும்பினார். வளைவுக்கு வளைவு நூற்றுக்கணக்கில் சொல்பவருக்கு, எது எங்கே சொன்னோம் என்று நினைவிருப்பதில்லை.

அடுத்த பந்தயத்தில் மூன்று திருத்தங்கள். அதற்கடுத்து ஐந்து. சர்க்கரை நோய் பல வருடமாக இருந்தது. அது கண்ணுக்கு ஏறிவிட்டது என்பதை ஆலங்காயம் பஸ் நிலையத்தில் நின்ற பஸ்ஸின் போர்டை அவர் என்னிடம் கேட்டபோது உறுதி செய்துகொண்டேன். கண் மருத்துவரைப் பார்க்கலாம் என்றேன். பார்த்தால் என்ன சொல்வார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார்: “இத வுட்டா நான் இன்னா டீச்சர்? ஸ்டீரிங்க புடிக்காத கைய எங்க வெச்சிக்கறதுன்னே எனக்குத் தெரியாது.”

எழுத்துப் பலகை

உரிமத்தைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் உடற்பரிசோதனை உண்டு. அந்த முறை தேவராஜ் என்னை முன்னதாக அழைத்துப்போனார். மருத்துவர் வருவதற்குள், சுவரில் தொங்கிய பலகையின் எழுத்துகளை நோட்டில் எழுதித் தரச் சொன்னார். மேலிருந்து கீழாக எட்டு வரிகள். நான் எழுதினேன். வராந்தாவில் உட்கார்ந்து, ஒரு மலைச்சாலையைப் படிப்பதுபோல் அவருக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். மூன்றாம் முறை அவரே சொன்னார், ஒரு பிழையும் இல்லை.

என் கல்லூரிப் படிப்பையும் என் பொறுமையையும் இதைவிடக் கேவலமாக நான் பயன்படுத்தியதில்லை. அவரை நிறுத்தக்கூடிய ஒரே கதவு அது. அதை நான்தான் பிடித்துத் திறந்துவிட்டேன். பரிசோதித்த மருத்துவர் கையெழுத்திட்டுவிட்டுப் பாராட்டினார்: “இந்த வயசுல கடைசி வரி வரைக்கும் தயங்காம படிச்சது நீங்க ஒருத்தர்தாங்க.”

அந்த ஆண்டு எங்களுக்குக் கோப்பை கிடைத்தது.

இரண்டு பதிவுகள்

இரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின. புதூர்நாட்டுக்கு ஏறும் சாலையில் பந்தயம் நடக்கவிருந்தது. முந்தைய நாள் மாலை, பட்டறையில், வண்டியின் அடியில் வரும் ஏதோ ஒரு சத்தத்தைக் கண்டுபிடிக்க அன்வர் பாய் முந்தைய பந்தயத்தின் இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துப் போட்டார். ஒன்று முன்னோட்டத்தில் எடுத்தது, மற்றது பந்தயத்தில் எடுத்தது. பாய் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். தேவராஜ் எண்களைக் கேட்டுவிட்டார். முதல் பதிவில் அவர் குரல் ஒரு வளைவை ஐந்து என்றது. இரண்டாம் பதிவில் என் குரல் அதே வளைவை மூன்று என்றது.

அவர் கோபப்படவில்லை. நாளைய புத்தகத்தில் எத்தனை திருத்தம் என்று மட்டும் கேட்டார். எட்டு என்று உண்மையைச் சொன்னேன். நூற்றுப் பன்னிரண்டு வளைவுகளில் எட்டு. எவை என்று காட்டுகிறேன், அல்லது நாளை போகவே வேண்டாம் என்றேன். நோட்டை என் பக்கமாகவே தள்ளினார். கோப்பையை வாங்கியது யார் என்று தனக்குத் தெரியவேண்டும் என்றார். அமைப்பாளர்களுக்கு ஒரு போன் செய்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நான் செய்யவில்லை. எண்கள் சரியாக இருந்தால் போதும் என்று கணக்குப் படித்த நான் நம்பினேன். அவர் எழுந்து போகும்போது சொன்னார்: “எந்தெந்த எடம்னு சொல்லாத. போற போக்குல நானே கண்டுபுடிச்சிக்கிறேன்.”

லெஃப்ட் ரெண்டு

முதல் மூன்று கிலோமீட்டர் சொன்னபடி ஓட்டினார். பிறகு ஒரு வளைவை நான் ‘ரைட் மூணு’ என்றபோது, அவர் நான்காக எடுத்தார். சாலையின் நடுப்பகுதி காய்ந்திருந்ததால் கார் தப்பியது. அது நான் திருத்திய வளைவுதான். அவர் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். தலைக்கவசத்துக்குள் அவர் சிரிப்பது இன்டர்காமில் கேட்டது. அதிலிருந்து என் குரலில் வந்த ஒவ்வொரு எண்ணையும் அவர் எடைபோடத் தொடங்கினார். ஒரு நொடியில் நாற்பது மீட்டர் போகும் காரில் எடைபோட நேரமில்லை என்பதை அவருக்குச் சொல்ல எனக்கும் நேரமில்லை.

சாமை வயல்களுக்கு மேலே ஓர் இடது வளைவு. “லெஃப்ட் ரெண்டு, வெளியே பள்ளம்” என்று படித்தேன். அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. மறுபடி படித்தேன். அது நான் தொடாத எண். முன்னோட்டத்தில் அவரே பார்த்து, அவரே சொன்ன இரண்டு. பிரேக்கில் கால் வைக்காமல், தீர்மானமான குரலில் சொன்னார்: “இது உன்னுது.”

பலா மரம்

கார் வலது ஓரத்தைத் தாண்டி, இரண்டு முறை உருண்டு, வயலின் மேல் வரப்பில் நின்ற பலா மரத்தில் அவர் பக்கமாக மோதி நின்றது. என் தோள் எலும்பு முறிந்திருந்தது. அவருடைய வலது கால், கதவுக்கும் பெடலுக்கும் நடுவே, பார்க்க முடியாத நிலையில் இருந்தது. வயலுக்குச் சொந்தக்காரப் பெண், பொன்னம்மா என்று பிறகு தெரிந்துகொண்டேன், முதலில் வந்தார். ஆம்புலன்ஸ் சுற்றுவழியில் வந்து சேரும் வரை, ஜன்னல் வழியே கையை விட்டு தேவராஜின் தலையைத் தாங்கிக்கொண்டு நின்றார். பரிதாபமும் எரிச்சலும் கலந்த குரலில், அவரிடமா என்னிடமா என்று தெரியாமல் பேசினார்: “ரெண்டு வேள பஸ்ஸு வருதுங்க இங்க. அதுல வந்திருந்தா இந்நேரம் டீ குடிச்சிட்டு எறங்கிப் போயிருப்பீங்க.”

மறுநாள் காலை

பொன்னம்மா, கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கக் கூடையோடு வயலுக்குப் போனார். காரை எடுக்கப் போன அன்வர் பாய் அவரை அங்கே பார்த்தார். பாய் காரை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வேலூர் மருத்துவமனைக்கு வந்து, கேமராவின் மெமரி கார்டை என் தலையணைக்கு அருகில் வைத்தார். அதைத் தான் பார்க்கவில்லை என்றார், பார்க்கப்போவதும் இல்லை என்றார்.

தேவராஜின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள், சாந்திதான் கையெழுத்திட்டிருந்தாள். மயக்கம் தெளிந்ததும் அவர் என் நோட்டைக் கேட்டார். முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தார், தெரியவில்லை. சாந்தியைப் படிக்கச் சொன்னார். அவள் விரலால் தேடி, லெஃப்ட் ரெண்டு என்று படித்தாள். அடித்து எழுதியிருக்கிறதா என்று கேட்டார். அவள் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இல்லீங்க. சுத்தமா கீது.” அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். என்னோடு அதன் பிறகு பேசவில்லை.

அமைப்பாளர்கள் அனுப்பிய விபத்துப் படிவத்தை இடது கையால் நிரப்பினேன். வழிக்குறிப்புகள் சரியாக இருந்தனவா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதினேன்; எட்டு எண்கள் ஓட்டுநருடையவை அல்ல என்பதை எழுதவில்லை. இந்தத் தொழிலில் இதைவிடத் துல்லியமான பொய்யை நான் எழுதியதில்லை.