கடிக்கிற குழாய்

ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் ராஜப்பன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் மாடிவீட்டில், கீழே குடியிருப்பவள் சபீஹா. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பிறந்து, ஷௌகத் அலியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். அவர் ஹைவே ஓரத்தில் பழைய டயர் வாங்கி விற்கிறார்; விடிவதற்கு முன்பே கடைக்குக் கிளம்பிவிடுவார். மகள் ஸோயா பெங்களூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். பகல் முழுக்கச் சபீஹாவுக்குத் துணை தையல் மிஷின்தான்.

எதையும் பெரிசுபடுத்துகிறவள் என்று தெருவில் அவளுக்கு ஒரு பெயர். ஒருமுறை கேஸ் கசிகிறது என்று சொல்லித் தெருவையே வெளியே கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். பார்த்தால் யாரோ அழுகின முட்டைகளைக் குப்பையில் கொட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாலும் ஜனங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்பார்கள்.

போன மார்கழிக் குளிரில் ஒரு விடிகாலை, பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தவளின் விரலில் சுரீரென்று ஏதோ ஏறியது. எறும்புக் கடி மாதிரி. கையை உதறிவிட்டு மறுபடி தொட்டாள், மறுபடியும் கடித்தது. சாயங்காலம் ஷௌகத் அலி வந்து, செருப்புக் காலோடு நின்று குழாயை இறுக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பிளம்பர் மூர்த்தி ஒரு மத்தியானம் வந்து எல்லா வால்வையும் திருகிப் பார்த்தான். மோட்டார் நிற்கும்போது பழைய இரும்பு பைப்பு டொக்கென்று அதிரும், அதைத்தான் அக்கா ஷாக் என்று நினைத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

சபீஹாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஏனென்றால் குழாய் எப்போதும் கடிக்கவில்லை. ஒரு வாரம் விடிகாலையில் கடித்தது. அடுத்த வாரம் விடிகாலையில் சும்மா இருந்துவிட்டு மத்தியானம் கடித்தது. அதற்கடுத்த வாரம் இருட்டுகிற நேரத்தில். அவள் சொல்லச் சொல்ல ஷௌகத் அலி தட்டைப் பார்த்தே சாப்பிட்டார்.

ஒருநாள் துணி காயப்போட வாசலில் நின்றபோதுதான் பொறிதட்டியது. மாடிவீட்டுச் சௌமியா ஈரத்தலையோடு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அவளும் புருஷன் மணிவேலும் ஒரே தொழிற்சாலை. வாராவாரம் ஷிப்ட் மாறும். ஷிப்ட் மாறினால் குளிக்கிற நேரமும் மாறும். அவர்கள் வீட்டுக் கீசர் ஓடும்போதுதான் கீழே குழாய் கடிக்கிறது.

அன்றைக்கே மாடியேறிப் போய்ச் சொன்னாள். சௌமியாவின் முகம் சுருங்கிப்போனது. தினமும் அதில் குளிக்கிற தனக்கே ஒன்றும் ஆகவில்லையே என்றாள். மணிவேலும் கீழே வந்து, மரியாதையாகத்தான், ஆனால் கொஞ்சம் சூடாகவே அதையே சொன்னான். ராஜப்பனுக்குப் போன் போட்டால் அவர் தேன்கனிக்கோட்டைப் பக்கம் தன் காட்டில் இருந்தார். ராகியில் யானை இறங்கியிருக்கிறது, அது போகட்டும், வந்து பார்க்கிறேன் என்றார். அதற்குமேல் யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் மணிவேலை மட்டும் வேறு ஷிப்டில் போட்டிருந்தார்கள். மத்தியானம் மாடியில் சௌமியா தனியாக இருந்தாள். கீழே அரிசி கழுவப் போன சபீஹாவின் கை குழாயில் பட்டதும் முழங்கை வரை இழுத்துப்போட்டது. இதுவரை அப்படி இழுத்ததில்லை. பின்னுக்கு நகர்ந்து சுவரில் சாய்ந்தாள். அந்தச் சுவரை ஒட்டித்தான் மாடி பாத்ரூமின் கழிவுநீர் பைப்பு இறங்குகிறது. மொண்டு ஊற்றிக் குளித்தால் தண்ணீர் விட்டு விட்டுத்தான் இறங்கும். இப்போது ஒரே சீராக, இடைவெளியே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"சௌமியா" என்று கீழிருந்தே கூப்பிட்டாள். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

இதுவும் வெறும் பயமாக இருந்தால் தெருவே சிரிக்கும். அந்த எண்ணம் ஒரு கணம் அவளைப் பிடித்து நிறுத்தியது. பிறகு மாடிப்படிக்குக் கீழே இருந்த மீட்டர் பலகைக்கு ஓடினாள். எந்த மெயின் எந்த வீட்டுக்கு என்று எழுதியிருக்கவில்லை. எல்லாவற்றையும் இழுத்து இறக்கினாள்.

பிறகு மாடியேறி ஓடினாள். அங்கே அடுத்த வீட்டுச் சரோஜம்மாள், கிரைண்டர் நின்றுபோன கோபத்தில் வெளியே வந்தாள். சபீஹாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் பின்னாலேயே வந்தாள். சௌமியா வீட்டு வாசல் கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. பாத்ரூம் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. சமையலறையில் கிடந்த காலி சிலிண்டரை இரண்டு பேரும் தூக்கி இடித்தார்கள். பிளாஸ்டிக் கதவு நடுவில் பிளந்தது.

சௌமியா தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். வலது கை விரல்கள் மடங்கிக் கறுத்திருந்தன. குழாய்த் தண்ணீர் அவள் தோளில் கொட்டிக்கொண்டிருந்தது. மெயினை இறக்கியது நினைவிருந்தும் சபீஹாவின் கை முன்னால் போக மறுத்தது. புறங்கையால் மெல்லத் தொட்டாள். ஒன்றும் இழுக்கவில்லை. மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சு இருந்தது, நூல் மாதிரி.

போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினார்கள். ஹைவேயில் லாரிகள் அசையாமல் நின்றன. ஆட்டோக்காரர் எதிர்ப்பக்கமாகவே ஓட்டினார். சௌமியாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சபீஹா அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நிறுத்தினால் அந்த மூச்சும் நின்றுவிடும் என்று அவளுக்கு ஒரு பயம். ஓசூர் பஸ் ஸ்டாண்டு தாண்டும்போது சௌமியா கண்ணைத் திறந்தாள்.

"அக்கா, பஸ் போயிடுச்சா?"

சபீஹாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

மணிவேல் யூனிபார்மோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தான். சௌமியா பிழைத்துவிட்டாள், ஆனால் இரண்டு நாள் இதயத்துடிப்பைக் கவனிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு, சபீஹாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கீசர் போட்டா ட்ரிப்பர் ஸ்விட்ச் விழுந்துட்டே இருந்துச்சுக்கா. பாதிக் குளியல்ல கரண்ட் போயிடுதுன்னு நான்தான் ஆள் வெச்சு அதைக் கழட்டச் சொன்னேன்."

சொல்வதற்கு அவளுக்கு வார்த்தைகள் இருந்தன.

"போய் அவளுக்கு மாத்துத்துணி எடுத்துட்டு வாப்பா. ஈரத்தோட கிடக்கிறா" என்றாள்.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் கீசரைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் காயில் வெடித்திருந்தது. எர்த் ஒயர் எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. கசிவு வந்தால் தானே அணைத்துவிடும் ட்ரிப்பரும் இல்லாததால், கசிந்த கரண்ட் இரும்பு பைப்பு வழியே கீழ்வீடு வரை இறங்கியிருக்கிறது. சௌமியாவும் மணிவேலும் தினமும் ரப்பர் செருப்புப் போட்டுக் குளித்ததால் அவர்களுக்குத் தெரியவில்லை. அன்றைக்குப் பார்த்துச் சௌமியாவின் செருப்பு வார் அறுந்துபோயிருந்தது.

ராஜப்பன் காட்டை ஆளிடம் விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். சபீஹாவின் வாசலில் வெகுநேரம் நின்றார். அந்த மாதமே பைப்பு, ஒயர், மெயின் பலகை எல்லாம் புதிதாக மாறின. சௌமியாவின் விரல்கள் வெகுநாள் மரத்தே கிடந்தன. சின்ன ஸ்குரூ பிடிக்கிற வேலை அவளால் முடியவில்லை. கம்பெனியில் பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

சபீஹாவுக்குத்தான் குழாயைத் தொடத் துணிவு வரவில்லை. ஷௌகத் அலி கடைக்குக் கிளம்புமுன் எழுந்து, குடம், பக்கெட், அண்டா எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போனார். தை போய் மாசி வந்தும் அப்படியே செய்துகொண்டிருந்தார்.