நான்கு மூலை மஞ்சள்

என் தம்பி ஷ்யாம்சுந்தர் மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறான். அங்கே சங்கச் செயலாளரும் அவன்தான். வேறு யாரும் முன்வராததால் வருஷக்கணக்காக அவனே. செயலாளர் என்றால் முக்கால்வாசி வேலை தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பது. காலையில் எனக்கு போன் செய்தால்கூட நடுவில், "இரு அக்கா" என்று இன்னொரு போனில் லாரிக்காரர் வெற்றிவேலைக் கூப்பிடுவான். ஸ்பீக்கரில் போடுவதால் எனக்கும் கேட்கும்.

"வெற்றிவேல், எங்கப்பா இருக்கே?"

"சந்தோஷபுரத்தாண்ட மாட்டிகினு கீறேன் சார். பத்து நிமிசம்."

"விடிஞ்சதுலேர்ந்து அதே பத்து நிமிஷமா?"

"நா இன்னா சார் பண்றது? முன்னால நிக்கிற பஸ்ஸக் கேளுங்க."

நான் பத்தாவதோடு நின்றவள். அவன் பி.எஸ்ஸி. படித்து, தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை; அவனுடைய ஒழுங்கு யாருக்கும் வராது. மின்சாரக் கட்டண ரசீதைக்கூட ஓரம் ஓரமாகச் சேர்த்து மடிப்பான். பள்ளி நாளில் அவன் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் கொடுத்தவள் நான்தான். அந்தப் பெருமை எனக்கு.

இப்படிப்பட்டவன், ராஜஸ்தான் பாலைவனத்துக்குக் காரிலேயே போகிறேன் என்றான். அரசாங்க நில அளவைத் தாள் ஒன்றில், சுற்றிலும் மணல்மேடாக இருக்கும் ஓரிடத்தில், நாலைந்து குடிசைகளுக்குப் பக்கத்தில் "வற்றாத கிணறு" என்று குறித்திருந்ததாம். அதைப் பார்க்க வேண்டும். அவன் மனைவி சுப்ரஜா, "தண்ணி பார்க்கறதுக்குப் பாலைவனத்துக்குப் போற மனுஷர் இவர் ஒருத்தர்தான்" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் சிரித்தாள்; அவன் சிரிக்கவில்லை. அத்தனை வருஷம் லாரிக்குக் காத்திருந்தவனுக்கு அப்படி ஒரு கிணறு உண்மையிலேயே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. அதைத் தவிர வேறு எதையும் அவன் தனக்கென்று ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

சேலையூரில் நானும் அம்மாவும் இருக்கும் வீட்டுக் கூடத்தில்தான் வரைபடங்களைத் தேர்ந்தெடுத்தோம். மாநிலம் முழுவதையும் ஒரே தாளில் அடக்கிய சாலை வரைபடம் ஒன்று. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அவன் போக வேண்டிய வழித்தடமே அதில் இல்லை. இன்னொன்று சுற்றுலாப் புத்தகம். அதில் கோட்டைகளும் ஒட்டகங்களும்தான் அதிகம். மூன்றாவது நில அளவைத் தாள்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். மேடு, பள்ளம், ஒற்றையடிப் பாதை எல்லாம் இருந்தன. நாட்டு எல்லையை ஒட்டிய தாள்களைக் கேட்டால் கிடைக்காதாம். நல்லவேளை, அவன் கிணறு அதற்குக் கொஞ்சம் இப்பாலேயே இருந்தது.

"இதெல்லாம் போன்ல வராதாடா?"

"ரோடு இருக்கற வரைக்கும் வரும். அங்க போனா, ஒரு கோடுகூட இல்லாம வெறும் வெளிறலா நிக்கும்."

"அப்போ இதான்" என்றேன். அவனும் அதையேதான் நினைத்திருந்தான். ஒவ்வொரு தாளிலும் இரண்டு பிரதி வாங்கியிருந்தான்.

"ஒரு செட்டு எனக்கு, ஒண்ணு உனக்கு. எங்கயாவது வழி புரியலேன்னா கூப்பிடறேன். நீ பார்த்துச் சொல்லு."

அன்று பூராவும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒட்டி வைத்தால் கோட்டுக்குக் கோடு சேர வேண்டும் என்று தாள்களின் வெள்ளை ஓரங்களை எல்லாம் இரும்பு ஸ்கேல் வைத்து பிளேடால் அவன் சீவினான். நான் அசையாமல் பிடித்துக்கொண்டேன். இரண்டு செட்டும் ஒரே மாதிரி வந்தன.

அம்மா மஞ்சள் கிண்ணத்தோடு வந்தாள். அம்மா பெயர் அபிதகுஜாம்பாள், எண்பதைத் தாண்டிவிட்டாள். புதிதாக எது வந்தாலும் நான்கு மூலையிலும் மஞ்சள் வைக்காமல் விடமாட்டாள்.

"இது கல்யாணப் பத்திரிகை இல்லைம்மா" என்றான் ஷ்யாம்.

"பத்திரிகை மண்டபம் வரைக்கும்தான் போறது. இது எங்கேயோன்னா போறது" என்றாள் அம்மா.

குனிந்து குனிந்து எல்லாத் தாளுக்கும், இரண்டு செட்டுக்கும், கட்டை விரலால் மஞ்சள் வைத்தாள். மின்விசிறிக்கு அடியில் காயவைத்து நானே அடுக்கிக் கொடுத்தேன்.

படப்பையில் இருக்கும் அவனுடைய பழைய அலுவலக நண்பர் அப்பாதுரையும் கூடப் போனார். ஜெய்சல்மேர் தாண்டும் வரை தினமும் பேசினான். அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் போன் வந்தது. குரலில் காற்று இரைந்தது.

"அக்கா, ஒரு மேட்டு மேல ஏறி நின்னு பேசறேன். படத்தை எடு. நாலு தாள் சேர்ற இடத்துல நிக்கிறேன்."

நான்கு தாள்களையும் கூடத்தில் சேர்த்துப் போட்டேன். அவன் சீவிய ஓரங்கள் முடி நுழையாமல் ஒட்டிக்கொண்டன. நான்கு மூலை மஞ்சளும் சேர்ந்து நடுவில் ஒரே வட்டமாக நின்றது. கிழக்கிலிருந்து ஒரு பாதை அந்த மஞ்சளுக்குள் போனது. மறுபக்கம் இரண்டு வெளியே வந்தன. ஒன்று கிணற்றுக்கு. மற்றது ஆளே இல்லாத மணல்மேடுகளுக்கு.

"இங்க தரையில மூணு பாதை இருக்குக்கா. மூணும் ஒரே பக்கமா போறது. எது எதுன்னு தெரியலை. என் படத்துல அந்த இடத்துல மஞ்சள். உன்னோடதைப் பாரு."

முகம் தாளில் படுகிற மாதிரிக் குனிந்து பார்த்தேன்.

"அக்கா?"

"என்னோடதுலயும் மஞ்சள்தான்டா."

பின்னால் அப்பாதுரை கத்துவது கேட்டது. "யோவ் ஷ்யாம், ரெண்டு செட்டையும் ஒரே அம்மாதானய்யா தொட்டாங்க! சீக்கிரம் முடிவு பண்ணு, டீசல் பாதிக்கும் கீழ போயிடுச்சு."

ஈரத் துணியால் ஒரு மூலையை ஒற்றினேன். மஞ்சள் போகவில்லை. தாள் பஞ்சாகப் பிரிந்து, இருந்த கோடும் துணியோடு வந்துவிட்டது. இன்னொரு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மஞ்சள்தான் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. என் கைபேசியில் தேடினேன். அவன் சொன்ன வெளிறல்தான் வந்தது.

உள்ளேயிருந்து அம்மா, "ஷ்யாமாடி? படம் சௌகரியமா இருக்கான்னு கேளு" என்றாள்.

அது அவன் காதில் விழுந்துவிட்டது. "ரொம்ப சௌகரியமா இருக்குன்னு சொல்லு" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ ஒண்ணு சொல்லுக்கா. நீ சொல்றதுல போறேன்" என்றான்.

சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை இப்படிக் கேட்டிருக்கிறான். எதையாவது சொல்லியிருக்கிறேன். இப்போது எதிரில் இருந்தது ஒரு மஞ்சள் வட்டம்.

"திரும்பிடுடா."

"ரெண்டு விரல் தூரம்தான்கா இருக்கு."

"திரும்பிடு."

அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். லைன் போய்விட்டது. மறுபடி போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அவன் எந்தப் பக்கம் போனான் என்று தெரியாமல் தாள்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தேன். தெருவில் தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அம்மா காபி கேட்டாள். எழுந்து போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தேன். செய்வதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை.

விளக்கேற்றும் நேரத்தில் கூப்பிட்டான். வந்த டயர்த் தடத்தைப் பிடித்துக்கொண்டே தார் ரோட்டுக்குத் திரும்பிவிட்டார்களாம். மறுநாள் போகலாமா என்று கேட்டதற்கு அப்பாதுரை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாராம். கிணற்றைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஊருக்கு வந்ததும் நேராக சேலையூருக்குத்தான் வந்தான். முகம் கறுத்திருந்தது. அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போன காரியம் ஆச்சோல்லியோ? கிணத்தைப் பார்த்தியா?"

"பார்த்தேன்மா. கை எட்டற ஆழத்துல தண்ணி. தித்திப்பா இருந்தது."

"மஞ்சள் வச்சு அனுப்பினோமே, வீண் போகுமா?" என்று என்னைப் பார்த்தாள் அம்மா.

நான் டபராவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஷ்யாம் என் பக்கம் திரும்பவில்லை. அவன் சட்டைப் பையில் கைபேசி அடித்தது. மேடவாக்கத்திலிருந்துதான். காலையில் வரவேண்டிய லாரி இன்னும் வரவில்லையாம்.