சைபருக்குப் பதில் ஒரு ஐந்து

போன செவ்வாய்க்கிழமை என் மேஜைக்கு வந்த கேஸ் ஷீட்டுகளில் மூன்றாவது ரெங்கநாயகியுடையது. வயது இருபத்தொன்று. ஜீயபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அட்மிட் ஆன பத்தொன்பதாம் நாள் இறந்துபோனாள். வியாதி, டி.பி.

தகப்பனார் பெயரைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

என் பிழைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதானே? திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரி ரெகார்டு ரூம் குமாஸ்தா. நோயாளி வீட்டுக்குப் போன பிறகு — அல்லது போய்ச் சேர்ந்த பிறகு — கேஸ் ஷீட் என்னிடம் வரும். டாக்டர் எழுதிய வியாதிக்குத் தடிப் புத்தகத்தில் நம்பர் தேடி மேலே எழுத வேண்டும். அதன்பின் டாக்டர் கிறுக்கியதை யார் படிக்கிறார்கள்? நம்பர்தான் பேசும்.

நுரையீரல் டி.பி.க்கு 002. நாள்பட்ட மார்ச்சளிக்கு 502. இதில் 002 போட்ட பெயர்கள் வாராவாரம் சுகாதார ஆபீசுக்குப் போகும். இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வீட்டுக்கே வந்து, எல்லாருடைய சளியையும் டப்பாவில் வாங்கிப் போவார். தெருவே நின்று பார்க்கும். சுதந்திரம் வந்து பதினைந்து வருஷமாகியும் டி.பி. என்றால் நமக்குக் குரல் தாழ்ந்துவிடுகிறது!

இரண்டு வருஷத்துக்கு முன் ரெங்கநாயகியின் அம்மா இதே வார்டில், இதே வியாதியில் இறந்தாள். மூன்றாம் நாளே அவள் புருஷன் கோவிந்தராஜ் — ஸ்ரீரங்கத்தில் வாழை இலைக் கடை வைத்திருப்பவர் — என்னைத் தேடி வந்தார்.

"சார், பொண்ணுக்கு ஜீயபுரத்துல பேசி முடிச்சிருக்கோம். இன்ஸ்பெக்டர் வாசல்ல வந்து நின்னா அவங்க வேற எடம் பாத்துருவாங்க. தாயில்லாத பொண்ணுங்க. நீங்க மனசு வச்சா..."

அம்மாவுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்து, கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அந்தப் பெண்தான் என்றும் சொன்னார். காதில் விழுந்தது. புத்தியில் ஏறவில்லை. ஒரு கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. சைபர் போட வேண்டிய இடத்தில் ஐந்து போட்டேன். அன்று சாயங்காலம் ரொம்ப நல்லவனாக வீட்டுக்குப் போனேன்.

கல்யாணத்துக்கும் போனேன். மூன்று தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்றைக்கே அவள் சளியைச் சோதித்திருந்தால்? ஊசி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது... பிழைத்துப் போனவர்களின் கேஸ் ஷீட்டும் என்னிடம்தானே வருகிறது. 'பிள்ளை பெத்த உடம்பு, இளைப்புதான்' என்று ஜீயபுரத்தில் ஆறு மாசம் இரும விட்டிருக்கிறார்கள்.

செவ்வாய் மத்தியானம் கோவிந்தராஜ் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"சார், எங்க சம்பந்தி ஒங்களப் பாக்க வருவாருங்க. நம்பர மாத்தச் சொல்லிக் கேப்பாரு. மாப்பிள்ளைக்கு ரெண்டாங் கல்யாணம் பேசறாங்க. மாத்திராதீங்க. அந்த வீட்ல என் பேத்தி இருக்கு. இன்னும் நடக்கக்கூட ஆரம்பிக்கல."

அவர் எதிரிலேயே 002 எழுதினேன்.

வியாழக்கிழமை சம்பந்தி வந்தார், ஒரு சீப்பு பூவன் பழத்தோடு. அதே கெஞ்சல், கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். "லிஸ்ட் போயிடுச்சுங்க" என்றேன். பழத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

உங்கள் தெருவில் அந்த சைக்கிள் வந்து நின்றால், தயவுசெய்து வேடிக்கை பார்க்காமல் உள்ளே போங்கள். நீங்கள் பார்ப்பீர்கள் என்று பயந்துதான் நான் அந்த ஐந்தைப் போட்டேன்.